வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே: வெற்றிட நிரப்பல் வரை காத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரம் எழுதியவர் பல்கலைக்கழகம் போகத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளியை வெட்டுப்புள்ளி என்பார்கள். அது வெளியான அன்று இரவு எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. இணையத்தளம் திறக்கவில்லை. நானும் தம்பியும் ஒரே போனை மாறிமாறி வாங்கி அழுத்திக்கொண்டிருந்தோம். பத்தரை மணிக்குத் திறந்தது. மட்டக்களப்பு மாவட்டக் கட்டத்தில் நின்ற எண்ணையும் என் இசட் புள்ளியையும் ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தேன். 0.0187 குறைவு. அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அதென்ன கணக்கு மனே, எத்தினை மார்க்ஸ் குறையுது?" அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். கீழே சொல்கிறேன்.

இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதிக்குக் "காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்று யாரும் கடிதம் அனுப்புவதில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறீர்கள், தெரிவானவர்கள் வராத இடங்களுக்கு வெற்றிட நிரப்பல் என்று ஒன்று நடக்கும், அதில் பெயர் வரலாம், வராமலும் போகலாம், அவ்வளவுதான். கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சிக் கல்லூரி, உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் போன்ற இடங்களிலும் இதே நிலை வரும். முதல் பட்டியலில் பெயர் இருக்காது, "யாரும் வராவிட்டால் கூப்பிடுவோம்" என்பார்கள்.

நான் இப்படிக் காத்திருந்துதான் உள்ளே போனேன். இப்போது களுவாஞ்சிகுடிப் பக்கம் வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வெட்டுப்புள்ளி வந்த கிழமையில் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: கடதாசி வேலைகளை நாளைக்கே கூப்பிடுவார்கள் என்று நினைத்துச் செய்யுங்கள், மற்றதையெல்லாம் கூப்பிடவே மாட்டார்கள் என்று நினைத்துச் செய்யுங்கள். ஆனால் நம் பிள்ளைகள் இதை அப்படியே தலைகீழாகத்தான் செய்கிறார்கள். வாழ்க்கையைக் "கூப்பிடுவார்கள்" என்று நிறுத்திவைத்துவிட்டு, கடதாசிகளைக் "கூப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில்: எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

இசட் புள்ளி 2001 உயர்தரப் பரீட்சையோடு வந்தது. அதற்கு முன் பாடங்களின் புள்ளிகளைக் கூட்டித்தான் தெரிவு நடந்தது. ஒரு பாடம் கஷ்டமாகவும் இன்னொரு பாடம் இலேசாகவும் வந்தால் அந்தக் கூட்டுத்தொகை நியாயமாக இருக்காது. அதனால் இப்போது ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளியிலிருந்து நாடு முழுவதற்குமான சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களிலும் அப்படி வருவதன் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைப்போம். நீங்கள் எடுத்தது 66. 66இலிருந்து 45ஐக் கழித்தால் 21, அதை 15ஆல் வகுத்தால் 1.4. மற்ற இரண்டு பாடங்களில் 1.1, 0.8 என்று வந்தால் மூன்றின் சராசரி 1.1. அதே பாடத்தில் 66க்குப் பதில் 67 எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றை 15ஆல் வகுத்து, அதைத் திரும்ப மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 0.0222. ஆக, ஒரே ஒரு பாடத்தில் ஒரே ஒரு புள்ளி கூடினால் இசட் புள்ளி இரண்டாம் தசமத்தில் அசையும். என்னுடைய 0.0187ஐ இந்த அளவுகோலில் வைத்தால், அம்மா, ஒரு மார்க்ஸ்கூட இல்லை.

கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் இரண்டு நன்மை உண்டு. "நான் மொக்கு" என்ற பேச்சு அதோடு நிற்கும். மற்றது, உங்கள் இடைவெளி 0.02 பக்கமா, 0.2 பக்கமா என்று தெரியும். முதலாவது என்றால் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டாவது என்றால் அந்தக் கற்கைநெறிக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆறு மாதத்தைக் கரைக்க வேண்டாம். வெற்றிட நிரப்பலில் வெட்டுப்புள்ளி கொஞ்சம்தான் இறங்கும்.

கணக்குப் போடும்போது சரியான மாவட்டக் கட்டத்தைத்தான் பார்க்கிறீர்களா என்று உறுதிப்படுத்துங்கள். கலைத்துறை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். மற்றப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெரியநீலாவணையில் கோடு மாறுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டக்களப்பு மாவட்டம், அந்தப் பக்கம் அம்பாறை மாவட்டம். வீடு கல்முனையில், படித்தது மட்டக்களப்புப் பாடசாலையில் என்றிருக்கும் பிள்ளைகள் கனக்க. உங்கள் மாவட்டத்தைத் தீர்மானிப்பது வீட்டு விலாசம் அல்ல. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒருவர் ஒரு கிழமை முழுக்க அம்பாறைக் கட்டத்தைப் பார்த்து அழுதுவிட்டு, பிறகுதான் தான் மட்டக்களப்புக் கணக்கில் என்று கண்டுபிடித்தார்.

நீங்கள் எந்த வகை?

ஒன்றுமே கிடைக்காமல் காத்திருப்பவர் ஒரு வகை. விண்ணப்பத்தின் தெரிவுப் பட்டியலில் ஐந்தாவதாகப் போட்டது கிடைத்து, இரண்டாவதுக்காகக் காத்திருப்பவர் இன்னொரு வகை. இரண்டாவது வகையினர்தான் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள்.

கிடைத்ததில் பதிவு செய்யாமல், "பதிந்தால் மேலே உள்ளது கிடைக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. கிடைத்த இடத்தில் உரிய திகதிக்குள் பதிந்தவரைத்தான் அவருடைய பட்டியலில் மேலே உள்ள தெரிவுகளுக்கு வெற்றிட நிரப்பலில் கணக்கெடுப்பது வழமை. பதியாமல் விட்டால் கையில் இருந்த இடமும் போய்விடும். அதனால் போக விருப்பம் உள்ள இடம் என்றால், அது ஐந்தாவதோ பத்தாவதோ, பதியுங்கள்.

"போக விருப்பம் உள்ள இடம் என்றால்" என்று ஏன் சொல்கிறேன்? ஒரு கற்கைநெறிக்குப் பதிந்துவிட்டால், அடுத்த தரம் எழுதும் பரீட்சையின் பெறுபேற்றை வைத்துத் திரும்ப விண்ணப்பிக்கும் உரிமையை அது பாதிக்கும். செகண்ட் ஷை, அதாவது இரண்டாம் தரம் பரீட்சை எழுதி மருத்துவம் எடுக்கிறேன் என்று வைராக்கியம் உள்ளவர், பதிவுப் பொத்தானை அழுத்துமுன் மாணவர் கைநூலில் அந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் புதுக் கைநூல் வெளியிடுகிறது. அண்ணன் படித்த காலத்துக் கைநூலை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வெற்றிடம் எங்கிருந்து வருகிறது

இது விளங்கினால் பாதிப் பதற்றம் குறையும். மேலே ஒருவர் வெளிநாடு போகிறார், பதியவில்லை. அவருடைய இடம் காலி. அந்த இடத்தைத் தன் பட்டியலில் மேலே போட்டிருந்த இன்னொருவர், தான் பதிந்திருந்த இடத்தை விட்டு அங்கே ஏறுகிறார். இப்போது இவர் விட்ட இடம் காலி. அதற்கு வேறொருவர். பேராதனையில் ஒரு கதிரை காலியானால் அதன் அசைவு கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலை வரைக்கும், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவில் வரைக்கும் வந்து சேரலாம். இந்தச் சங்கிலி நகர நாள் எடுக்கும். ஆகவே "ஏன் இன்னும் ஒன்றும் வரவில்லை" என்று மூன்றாம் நாளே தலையில் கைவைக்கத் தேவையில்லை.

எல்லாக் கற்கைநெறியும் ஒரே அளவுக்கு அசையாது. மருத்துவம் கிடைத்தவர் விட்டுப்போவது அபூர்வம். நிறையப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் கற்கைநெறிகளில் ஆட்கள் இடம் மாறிக்கொண்டிருப்பார்கள். என் அனுபவத்தில் பெயர் வந்தவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது வகைக் கற்கைநெறிகளுக்குக் காத்திருந்தவர்கள்தான்.

விண்ணப்பிக்கும்போது வேண்டாவெறுப்பாகப் பட்டியலைச் சுருக்கியவர்களுக்கு இந்தச் சங்கிலியில் கொக்கியே இல்லை. இந்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: மேலே எதைப் போட்டாலும் கீழே உள்ளவற்றின் வாய்ப்புக் குறையாது. ஆசைப்படுவதை மேலே போடுங்கள், போகத் தயாரான எதையும் விடாமல் கீழே அடுக்குங்கள். திருகோணமலை வளாகத்தின் சித்த மருத்துவமும் சம்மாந்துறையில் நடக்கும் பிரயோக விஞ்ஞானமும் நம் பிள்ளைகள் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு வேறு முறை. செயல்முறைப் பரீட்சையும் உண்டு என்பதால் அதற்கான அறிவித்தலைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடதாசி, போன், மின்னஞ்சல்

என் வகுப்பில் படித்த ஒரு தங்கச்சியின் கதை இது. விண்ணப்பத்தைப் பக்கத்துக் கொமினிகேஷனில் போட்டார்கள். தனக்கு மின்னஞ்சல் இல்லை என்று சொன்னதும் கடைக்காரத் தம்பி கடையின் மின்னஞ்சலையே அடித்துவிட்டார். போன் இலக்கத்துக்கு அவளுடைய மாமாவின் இலக்கம். மாமா இடையில் கட்டார் போய்விட்டார், சிம் அலுமாரிக்குள். வெற்றிட நிரப்பலில் அவளுக்குப் பெயர் வந்தது. கடையின் இன்பொக்ஸில் மின்கட்டண ரசீதுகளுக்கும் யாரோ ஒருவரின் கடவுச்சீட்டுப் படிவத்துக்கும் நடுவில் அந்த மின்னஞ்சல் திறக்காமல் கிடந்தது. பதிவு முடிய ஒரு நாள் இருக்கும்போது, கடைக்காரத் தம்பி வேறெதையோ தேடப்போய்க் கண்டு, சைக்கிளில் வீட்டுக்கு ஓடிவந்தார். ஆள் நல்லவர் என்பதால் தப்பியது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியவை இவை. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் யாருடையது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கடையினுடையது என்றால் கடைக்காரரிடம் போய்க் கேட்டு, உங்கள் பெயரில் வருவதெல்லாம் உங்களுக்கு முன்னனுப்பப்படும்படி செய்துகொள்ளுங்கள். மாற்ற வழியிருந்தால் எழுத்தில் கேட்டு மாற்றுங்கள். கொடுத்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள். மீள்நிரப்பாமல் விட்டு இலக்கம் செத்தவர்கள் உண்டு. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் மின்னஞ்சலைப் பாருங்கள், ஸ்பாமையும் சேர்த்து. அதற்கு மேல் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் புதுப்பித்தால் வருவது தலையிடி மட்டும்தான்.

பிறகு ஒரு கோவை. அட்டைக் கோவை போதும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரணதர உயர்தரப் பெறுபேறுகள், கிராம சேவகரின் வதிவிடச் சான்று, புகைப்படங்கள். எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்துச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வையுங்கள். விடுகைப் பத்திரத்துக்கு அதிபரைத் தேடிப் பாடசாலை விடுமுறைக் காலத்தில் அலைந்து பார்த்தவருக்குத்தான் நான் ஏன் இப்படி வலியுறுத்துகிறேன் என்று விளங்கும். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும், பிறப்புப் பத்திரத்தில் ஒன்று அடையாள அட்டையில் ஒன்று என்றிருந்தாலும், அதை இப்போதே பிரதேச செயலகத்தில் கேட்டுத் திருத்தத் தொடங்குங்கள். மாதக்கணக்கு எடுக்கும்.

மூலப்பிரதியை எந்த இடத்திலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வேறொரு நிறுவனத்தில் சேரும்போது மூலப்பிரதி கேட்டால், எப்போது, எப்படித் திருப்பித் தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மேன்முறையீடும் மீள்பரிசீலனையும்

மேன்முறையீடு எழுதுவதற்கு ஒரு பிழை இருக்க வேண்டும். மாவட்டம் தவறாகப் போட்டிருக்கிறார்கள், செயல்முறைப் பரீட்சைப் பெறுபேறு சேர்க்கப்படவில்லை, விடைத்தாள் மீள்பரிசீலனையில் புள்ளி கூடி இசட் புள்ளி மாறியிருக்கிறது, இப்படி எண்ணாலும் தாளாலும் காட்டக்கூடிய ஒன்று. அப்படி இருந்தால் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முதல் வரியில் சுட்டெண், கற்கைநெறி, என்ன பிழை. அடுத்த வரியில் ஆதாரம். அதோடு முடியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கோவைக்குள் போடுங்கள்.

வீட்டுக் கஷ்டம், அப்பா இல்லை, வெள்ளத்தில் கொப்பி போனது, இவையெல்லாம் உண்மைதான். 2024 நவம்பர் இறுதியில் மழை வெள்ளத்தால் பரீட்சையையே இடைநிறுத்த வேண்டி வந்தது நமக்குத் தெரியும். ஆனால் இசட் புள்ளி முறை கஷ்டத்தைக் கணக்கெடுக்காது. பின்தங்கிய மாவட்டத்துக்கான 5 வீதம்தான் அது காட்டுகிற இரக்கம்.

நேரில் போனால் நடக்கும் என்றொரு நம்பிக்கையும் நம் ஊரில் உண்டு. ஒரு பெரியப்பா மகனையும் கூட்டிக்கொண்டு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், காலையிலிருந்து வரிசையில் நின்று, "முறைப்படி அறிவிப்போம்" என்ற பதிலோடு திரும்பி வந்தார். அதே பதில் போனிலும் கிடைத்திருக்கும். ரயில் காசுக்கு வேறு செலவு இருந்திருக்கும்.

மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கப் பரீட்சைத் திணைக்களம் ஒரு திகதி கொடுக்கும். அது பெறுபேறு வந்த கையோடு வருவது. வெட்டுப்புள்ளி வரும்வரை பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய வித்தியாசம் உள்ள பாடம் இருந்தால் மட்டும் போடுங்கள். மூன்றுக்கும் போடுவது பெரும்பாலும் மனத் திருப்திக்குத்தான்.

காத்திருக்கும்போது கால் வைக்க வேறு இடம்

இதுதான் முக்கியமான படி. வெட்டுப்புள்ளிக்கும் வெற்றிட நிரப்பலுக்கும் இடையில், நிரப்பலுக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடையில் என்று பார்த்தால் சில பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போய்விடுகிறது. அந்த வருடத்தில் நம் இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் இருக்கின்றன. அம்பாறையில் ஹார்டி இருக்கிறது. கணக்கீடு, தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம், பொறியியல், விவசாயம் என்று இடத்துக்கு இடம் உயர் தேசிய டிப்ளோமாக்கள். "கெம்பஸ் கிடைக்காதவர்கள் போகிற இடம்" என்று ஊரில் இளக்காரமாகச் சொல்வார்கள். ஆங்கில டிப்ளோமா முடித்து ஆசிரியர் நியமனம் எடுத்தவர்களிடம் அந்த இளக்காரத்தைச் சொல்லிப் பாருங்கள்.

தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள். விண்ணப்பம் வர்த்தமானியில் வரும், நேர்முகம் உண்டு. ஆசிரியர் வேலை பிடித்தவர் பல்கலைக்கழகத்தையும் இதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். சில பாடங்களுக்கு இதுதான் குறுக்குவழி என்றுகூடச் சொல்வேன். தாதியர் பயிற்சிக்கும் இப்படித்தான், விஞ்ஞானப் பிரிவினர் வர்த்தமானியைக் கண்ணில் வைத்திருங்கள். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களும் இருக்கின்றன. இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக வரும் புலமைப்பரிசில்களுக்கும் ஒவ்வொரு வருடமும் அழைப்பு வரும். போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்க ஒரு பின்னேரம் போதும்.

சேரும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "பல்கலைக்கழகம் கிடைத்தால் நான் விலகலாமா, காசு எவ்வளவு போகும், பிணைப்பத்திரம் ஏதாவது உண்டா?" வெட்கப்பட வேண்டாம். இந்தக் கேள்வி அவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் வருவதுதான். இரண்டு இடத்தில் முழுநேர மாணவராக இருக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எங்கும் சேராவிட்டாலும் ஆங்கிலம் படியுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, ஆனால் விட மாட்டேன். உயர்தரம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு விஞ்ஞானம், முகாமைத்துவம், மருத்துவம் என்று எந்தப் பீடத்துக்குப் போனாலும் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். முதல் அரையாண்டில் நான் விரிவுரையாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம் தெரியும், சொல் தெரியாது. "ஒளித்தொகுப்பு" என்றால் பத்துப் பக்கம் எழுதுவேன், அதையே "போட்டோசிந்தசிஸ்" என்று சொன்னதும் கொப்பியைத் திறந்து முழித்தேன். காத்திருந்த மாதங்களில் என் உயிரியல் பாடநூலையும் அதன் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளைக்கு நான்கு பக்கம் வாசித்திருந்தால் அந்த அவமானம் இருந்திருக்காது. காசும் போகாது.

வேலைக்குப் போகலாம். சாதாரணதரப் பிள்ளைகளுக்கு ரியூசன், கடையில் கணக்கு, அம்பாறைப் பக்கம் என்றால் அறுவடைக் காலத்தில் நெல் ஆலையில் நிறை எழுதும் வேலை. பல்கலைக்கழகம் கிடைத்தாலும் மகாபொல உதவித்தொகை முதல் மாதமே கைக்கு வராது. தங்குமிடம், படுக்கை விரிப்பு, பஸ் காசு எல்லாம் முதலில் உங்கள் கையிலிருந்துதான்.

தனியார் பட்டம் என்று வரும் அழைப்புகள்

வெட்டுப்புள்ளி வந்த மறுநாளே போன் வரத் தொடங்கும். "தங்கச்சி, இன்றைக்கே முற்பணம் கட்டினால் இருபது வீதக் கழிவு." இலக்கம் எப்படி அவர்களுக்குக் கிடைத்தது என்பது வேறு கதை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து முற்பணம் கட்டியது. பிள்ளைக்கு மூன்றாம் மாதம் அரச பல்கலைக்கழகம் கிடைத்தது. திருப்பிக் கேட்டபோது, தாளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்.

எல்லாத் தனியார் நிறுவனமும் அப்படியில்லை. நல்லவையும் இருக்கின்றன, அங்கே படித்து முன்னேறியவர்களும் இருக்கிறார்கள். பட்டம் வழங்க அனுமதி பெற்றதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று அவர்களின் தளத்தில் நீங்களே தேடுங்கள், முகவர் காட்டும் படத்தை நம்பாமல். திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு என்று அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் திட்டமும் உண்டு. அது எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தாது, பட்டியலில் உள்ளவைக்கு மட்டும். கடன் என்பதையும் மறக்க வேண்டாம், யாரோ பிணை நிற்க வேண்டும்.

இன்னொரு ஷை எழுதுவதா?

மூன்று தரம் வரைக்கும்தான் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கெடுப்பார்கள். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முடிவுத் திகதி வெற்றிட நிரப்பலுக்காகக் காத்திருக்காது. ஆகவே சந்தேகம் இருந்தால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்து வையுங்கள். எழுதுவதா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம், விண்ணப்பிக்காமல் விட்டால் தீர்மானிக்க ஒன்றும் இருக்காது.

எழுதுவது என்று முடிவெடுப்பதற்கு நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் புள்ளி போனது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியுமா? "இரசாயனத்தில் சேதனப் பகுதியைத் தொடவே இல்லை" என்று சொல்கிறவர் எழுதலாம். "எல்லாம் படித்தேன், என்னவோ வரவில்லை" என்கிறவர் அதே மாதிரி இன்னொரு வருடம் படித்தால் அதே இடத்துக்குத்தான் வருவார். முதலில் தன் கடந்தகால வினாத்தாள் விடைகளை ஒரு நல்ல ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்திப் பார்க்கட்டும்.

வீடும் ஊரும் உங்கள் தலையும்

ஊர்ச் சனம் கேட்கும். மாமாங்கத் திருவிழாவில் கேட்கும், கலியாண வீட்டில் கேட்கும், பெருநாளுக்குப் போன வீட்டில் வட்டிலப்பத்தோடு சேர்த்துக் கேட்கும். ஒரு பதிலைப் பாடமாக்கி வையுங்கள். நான் வைத்திருந்தது: "இன்னும் ஒரு பட்டியல் வர இருக்கு மாமி, அதுவரைக்கும் இங்கிலீஷ் படிக்கிறன்." கேட்டவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்காது. பாதிப்பேர் வெட்டுப்புள்ளி என்றால் என்ன என்றே தெரியாமல்தான் கேட்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளையின் முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இசட் புள்ளியைச் சொல்லாதீர்கள். என் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பின்னேரம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்துக்குப் போய், வாவியைப் பார்த்துக்கொண்டு ஒரு கடலைச் சுருளை இருவரும் தின்றுவிட்டுத் திரும்பினோம். அன்று இரவு நான் தூங்கினேன்.

தூக்கம் இரண்டு கிழமைக்கு மேல் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் அதைச் சோம்பல் என்றோ செய்வினை என்றோ விட்டுவிட வேண்டாம். 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம். ஆதார, போதனா வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. நண்பர் ஒருவர் அப்படிக் கதைத்தால் தனியே விடாமல் கூடவே இருந்து வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

அழைப்பு வந்தால்

முதல் வேலை கடைசித் திகதியைப் பார்ப்பது. வெற்றிட நிரப்பலில் பதிவுக்குக் கொடுக்கும் நாட்கள் சாதாரணத் தெரிவைவிடக் குறைவாக இருக்கலாம். அன்றைக்கே பதியுங்கள், கட்டணம் கட்டிய ரசீதைப் படம் எடுத்து இரண்டு பேரின் போனில் வையுங்கள். ஏற்கெனவே வேறிடத்தில் சேர்ந்திருந்தால் புதிய பதிவு உறுதியான பிறகுதான் அங்கே விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். முதலில் விலகிவிட்டுப் பிறகு பதியப் போனவர் ஒருவர் இரண்டு நாள் எங்கும் இல்லாதவராக இருந்தார். வகுப்புத் தொடங்கியிருந்தால் பீடத்தின் உதவிப் பதிவாளரிடம் போய், தவறிய விரிவுரைக் குறிப்புக்கு யாரைக் கேட்பது என்று விசாரியுங்கள். பிந்திச் சேர்பவர்களுக்கு விடுதி இடம் முடிந்திருக்கும். வந்தாறுமூலை என்றால் செங்கலடிப் பக்கம், ஒலுவில் என்றால் அட்டாளைச்சேனை, பாலமுனைப் பக்கம் அறை தேடச் சொல்லி உறவினர் யாரிடமாவது முன்னமே சொல்லி வையுங்கள்.

எனக்கு மின்னஞ்சல் வந்தது ஒரு புதன்கிழமை காலை. நான் அப்போது ஆங்கில டிப்ளோமா வகுப்பில் இறந்தகாலம் படித்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு வெளியே வந்து பார்த்தேன், திரும்ப உள்ளே போய் வகுப்பு முடியும் வரை இருந்தேன். பிறகு வீட்டுக்குப் போய் அலுமாரிக்கு மேலே இருந்த கோவையை எடுத்தேன். புகைப்படம் மட்டும் ஒன்று குறைந்தது.